குன்றின் மேல் இல்லாத தூண்கள்

மடத்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு எழுதுவது சுலபம். பத்தொன்பது வருடம் ஒரு குன்றின் அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு, ஒரு நாள்கூட அதில் ஏறாமல், "மாதத்தில் இரண்டு தடவை அங்கே போவேன், எனக்கு மிகவும் பிடித்த இடம்" என்று குடியுரிமைக் குழுவின் முன்னால் உட்கார்ந்து சொன்ன ஆள் நான். அத்தோடு வாயை மூடியிருந்தாலும் பரவாயில்லை. "அங்கே உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?" என்று கேட்டார்கள். கொஞ்சமும் யோசிக்காமல், "தூண்கள்" என்றேன்.

அந்தக் குன்றில் தூண் கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது.

நான் ஏன் அந்தக் கதிரையில் போய் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் வெளிநாட்டுக்காரன். மனைவிக்கும் மகளுக்கும் சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டு கிடைத்து ஏழு வருடமாகிறது. நான் மட்டும் டொச் பரீட்சைக்கு, அதாவது ஜெர்மன் மொழிப் பரீட்சைக்குப் பயந்து, வதிவிடப் பெர்மிட்டே போதும் என்று காலத்தைக் கடத்தினேன். விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் கண்ணாடிக் கதவில் கடவுச்சீட்டை வைத்துவிட்டு அப்பால் போய்விடுவார்கள். நான் மற்ற வரிசையில் நிற்பேன். பெட்டிகளை வண்டிலில் அடுக்கிவைத்துக்கொண்டு மனைவி என்னைப் பார்ப்பாள். அதில் காதலும் இருக்காது, கோபமும் இருக்காது. பிந்தி வருகிற பஸ்ஸைப் பார்க்கிற பார்வை அது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் என் தங்கையின் மகனுக்கு லண்டனில் கலியாணம் வைத்தார்கள். நான் தாய்மாமன். சபையில் எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்துக்காகவே புது வேட்டியும் வாங்கினேன். விசா மட்டும் வரவில்லை. மனைவியும் மகளும் பறந்துபோனார்கள். நான் ஷாஃப்ஹவுசனுக்குப் பக்கத்தில், ரைன் ஆற்றங்கரைச் சிற்றூரில், மூன்றாம் மாடியில், வேட்டி கட்டிக்கொண்டு, கைபேசியில் கலியாணம் பார்த்தேன். என் இடத்தில் மாப்பிள்ளையின் தகப்பனுடைய நண்பர் ஒருவர் நின்றார்.

"உங்களை விட வடிவா நிண்டவர் அந்த மனிசன்," என்று திரும்பி வந்த மனைவி சொன்னாள். "நேரத்துக்கும் வந்தவர்."

அடுத்ததாகத் தங்கையின் மகளுக்குக் கலியாணம் வரவிருந்தது. அந்த இடத்தை இன்னொரு வடிவான மனிதருக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். டொச் பரீட்சையை இரண்டாம் தடவையில் எழுதிக் கரையேறினேன். மிஞ்சியது கெமைண்டே எனப்படும் ஊராட்சியின் குடியுரிமைக் குழு நேர்காணல்.

நம்மவர்கள் பரீட்சை என்றால் முதலில் தேடுவது புத்தகத்தை அல்ல, ரியூசனை. என்னோடு மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் நண்பன் மூன்று வருடத்துக்கு முன் சுவிஸ் பாஸ்போட் எடுத்தவன். நீராவி கக்கும் கழுவு யந்திரத்துக்குப் பக்கத்தில், இடைவேளைகளில், மாதிரி விடைகளை ஒப்புவித்தான்.

"பொழுதுபோக்கு என்னெண்டு கேட்பினம். ரீவி பாக்கிறனான் எண்டு சொல்லிப்போடாத, விளங்குதோ?"

"அதுதானே மச்சான் உண்மை?"

"உண்மையைச் சொல்லுறதெண்டால் உனக்கு என்னத்துக்கு ரியூசன்? மலையேறி நடக்கிறது எண்டு சொல்லு. சனம் அதுக்கு மயங்கும். எங்கை ஏறுறனி எண்டு கேட்டால், உங்கடை ஊருக்கு மேலை உரோமர்காலக் கோட்டை இருக்கு, அங்கை எண்டு சொல்லு. நானும் அதைத்தான் சொன்னனான். பாஸ்."

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண்மணி. அம்மணிக்கு எழுபது இருக்கும். குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, கையில் சின்னக் குறிப்பேடு. ஆண்கள் இருவரும் குன்று என்றதும் நண்பன் சொன்னபடியே மயங்கித் தலையசைத்தார்கள். அம்மணி மட்டும் தலையை நிமிர்த்தினார். பிடித்தது எது என்று கேட்டவரும் அவர்தான். உரோமர் என்றால் எனக்குச் சினிமாவில் பார்த்த தூண்கள்தான் ஞாபகம் வரும். வந்ததை அப்படியே கொட்டினேன். அம்மணி குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி எழுதினார். சின்ன வரி. எழுதி, அதன்கீழ் ஒரு கோடும் இழுத்தார்.

முடிவு கடிதத்தில் வரும் என்றார்கள். வெளியே வந்தபோது அம்மணி சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் சங்கம் மேலே புல் வெட்டுகிறது," என்று எனக்காக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னார். "வாருங்கள். அந்தத் தூண்களை எனக்கும் காட்டுங்கள்."

அன்றைக்கு மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். அவள் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"எத்தினை தூண் எண்டு சொன்னீங்கள்?"

"எண்ணிக்கை சொல்லேல்லை."

"அந்தளவுக்காவது மூளை வேலை செய்திருக்கு."

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேரே குன்றுக்குப் போனேன், சனிக்கிழமைக்கு முன் தூண்களோடு ஒரு அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று. மஞ்சள் வழிகாட்டிப் பலகை இருபத்தைந்து நிமிடம் என்றது. எனக்கு ஐம்பது எடுத்தது. புங்கையும் இல்லாத வேம்பும் இல்லாத, வழவழவென்று சாம்பல் நிற மரங்களின் காடு. அது முடிகிற இடத்தில் ஒரு வெளி. வெளியில் புல். புல்லில் ஒரு நீண்ட மேடு, மேட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம். பக்கத்தில் ஒரு பலகையும் நின்றது. அதில் நிறைய டொச் எழுதியிருந்தது. நிறைய டொச் எழுதியிருந்தால் 'நாயைக் கட்டி அழைத்துச் செல்லவும்' என்று எடுத்துக்கொண்டு கடந்துபோவது என் வழக்கம். கடந்துபோனேன். அங்குமிங்கும் தேடினேன். மூன்று பக்கமும் சரிவு. கீழே ரைன் வளைந்து ஓடியது. கோட்டையைக் காணோம். களைத்துப்போய் அந்த மேட்டில் உட்கார்ந்து, மனைவி கட்டித்தந்த மீன் ரோல்ஸ் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு நண்பனுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், இங்கை கோட்டை இல்லையடா. பிழையான மலையோ?"

"எனக்கென்னடா தெரியும்? நான் எப்ப அங்கை போனனான்?"

"நீ போகேல்லையோ!"

"எனக்கு முந்திப் பாஸ் எடுத்த அண்ணை ஒராள் சொல்லித்தந்தவர்."

"அந்த அண்ணை?"

"அவருக்கு முழங்கால் வருத்தம். அவர் எங்கை ஏறப்போறார்."

இப்படியாக, ஒருவரும் ஏறாத குன்றொன்று வாய்வழியாக ஒரு சமூகத்துக்கே பிடித்த இடமாகிவிட்டது. அதில் தூண்களை நட்டவன் நான் மட்டுமே.

சனிக்கிழமை வேலைக்குப் போகிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஏறினேன். வழுக்காத சப்பாத்து, சமையலறைத் தரைக்கு. பனி நனைத்த புல்லுக்கு அது பொருந்தாது என்பதை இரண்டு தடவை விழுந்து தெரிந்துகொண்டேன். மேலே போனபோது ஆறு ஓய்வூதியக்காரர்கள் ஏற்கெனவே வேலையில் இருந்தார்கள். அம்மணி ரப்பர் பூட்சோடு வந்து, புல் வாருகிற மர விறாண்டி ஒன்றை என் கையில் தந்தார். மரப்பல், என் உயரத்துக்குக் காம்பு.

"சரி. தூண்கள்?"

வழியில் நான்கு பொய் தயாரித்து வைத்திருந்தேன். திருத்த வேலைக்குக் கழற்றியிருக்கிறார்கள் என்பது அதில் மிகச் சிறந்தது. சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வியாழன் மாலையில் நான் பார்த்த வெளி அல்ல இது. காலை வெயில் மரங்களுக்கிடையால் சாய்வாக, தரையோடு தரையாக வந்தது. நான் உட்கார்ந்து ரோல்ஸ் தின்ற மேடு நிழல் விழுத்திக்கொண்டு எழுந்து நின்றது. வெளியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை, ஒரு வில்லை வளைத்துப் போட்டதுபோல, அறுந்துபோகாமல் ஒரே கட்டு. அதற்கு முன்னால் அதே வளைவில், அதே அளவில், பள்ளம். பள்ளத்து மண்தான் மேட்டு மண். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பலகை வேண்டியிருக்கவில்லை. சுவிஸ் வருவதற்கு முன் மட்டக்களப்புப் பக்கத்தில் குளக்கட்டுத் திருத்த வேலையில் ஒரு பருவம் மண் சுமந்தவன் நான். ஒரு ஆள் உயரக் கட்டு எழுப்ப எத்தனை கூடை என்பது என் முதுகுக்குத் தெரியும்.

பொய்கள் நான்கும் போய்விட்டன.

"தூண் இல்லை," என்றேன். "நான் வியாழக்கிழமைதான் முதல் தடவையாக வந்தேன். கோட்டையைத் தேடினேன். கிடைக்கவில்லை. இதிலே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டேன்."

"எதிலே?"

காட்டினேன்.

"அதுதான் கோட்டை," என்றார் அம்மணி. "கோட்டையின் மேல் உட்கார்ந்து கோட்டையைத் தேடியிருக்கிறீர்கள்." சிரிக்கவில்லை. விறாண்டியை ஊன்றிக்கொண்டு தொடர்ந்தார். "நான் பல வருடமாகக் குழுவில் இருக்கிறேன். எங்களிடம் வருகிற தமிழர் எல்லோருக்கும் இந்தக் குன்று பிடித்திருக்கிறது. சனிக்கிழமைகளில் நான் இங்கேதான் இருக்கிறேன். இதுவரை ஒருவரையும் கண்டதில்லை."

"நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவோம்" என்று நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினேன். என் பாஸ்போட் மட்டுமல்ல, எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற அத்தனை பேருடைய பாஸ்போட்டும் அந்த ஈரப் புல்லில் கிடப்பதுபோல இருந்தது. லண்டன் மணவறைக்குப் பக்கத்தில் இன்னொரு வடிவான மனிதர் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"வாருங்கள்," என்றார் அம்மணி. "காட்டுகிறேன்."

கட்டின் முழு நீளத்துக்கும் என்னை நடத்திக்கொண்டு போனார். மூன்று பக்கமும் செங்குத்துச் சரிவு என்பதால் அங்கே ஒரு கூடை மண்ணும் கொட்டவில்லை; மலை தானே காவல் காத்தது. காட்டோடு ஒட்டியிருந்த நாலாவது பக்கத்தில் மட்டும் அகழி வெட்டிக் கட்டு எழுப்பியிருக்கிறார்கள். வீணாக ஒரு வெட்டும் இல்லை. கட்டின் நடுவில் ஒரு இடைவெளி. அதுதான் வாசல். நேரே உள்ளே நுழைய முடியாதபடி ஒரு பக்கக் கட்டு மற்றதைத் தாண்டிக் கொஞ்சம் முன்னே நீண்டிருந்தது. வருகிறவன் தன் விலாவைக் காட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அந்த இடத்தில் நின்று பார்த்தபோது, என் விலா தானாகவே கூசியது.

"மேலே மதில் இருக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கல் இருந்தது, மரமும் இருந்தது. மரம் உக்கிவிட்டது. கல்லை ஊர்க்காரர்கள் வீடு கட்ட எடுத்துப்போய்விட்டார்கள். மண்ணை யார் திருடுவார்?"

கல் போய்விட்டது, மரம் போய்விட்டது, கூடையில் சுமந்து கொட்டிய மண் ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேலாக அப்படியே படுத்திருக்கிறது! நான் மூன்றாம் மாடியில் கட்டிய சுவர் அலுமாரி மூன்று மாதம் நிற்கவில்லை. அந்த மண்ணைச் சுமந்தவனை ஒரு தடவை பார்க்க வேண்டும்போல இருந்தது. அவனுக்கும் இடது தோள்தான் வலித்திருக்கும்.

கட்டின் ஓரிடத்தில் ஒரு வெட்டுக் கண்டேன். நடக்க வருகிறவர்கள் பாதையைச் சுற்றிப் போகப் பஞ்சிப்பட்டுக் குறுக்கே ஏறி ஏறி ஒரு சால் விழுந்திருந்தது. எந்தக் கட்டும் இப்படித்தான் போகும். முதலில் கால், பிறகு மழை, பிறகு முழுத் தண்ணீரும். எனக்குள் இருந்த பழைய கூலியாள் துள்ளி எழுந்தான். பக்கத்தில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து, ஓரத்திலிருந்து புல்லோடு ஒரு மண்கட்டியை வெட்டி அந்தச் சால் விழுந்த இடத்தை அடைப்பதற்காக ஓங்கினேன்.

"ஹால்ட்!"

ஆறு ஓய்வூதியக்காரர்களும் ஒரே குரலில் கத்தினார்கள். அதில் ஒருவருக்குக் காது கேளாது, அவரும் கத்தினார்.

பாதுகாக்கப்பட்ட மண், மாநிலத்தின் அனுமதி இல்லாமல் ஒரு விரல் ஆழமும் தோண்டக்கூடாது, அந்த மண்வெட்டி பாதையோர வாய்க்கால் துப்புரவுக்கு மட்டும் என்றார்கள். குடியுரிமை கேட்கிறவன் உரோமர் கட்டை வெட்டியதாகப் பத்திரிகையில் வருவதற்கு அரை நொடி மிச்சம் இருந்தது. மண்வெட்டியைக் குழந்தையை இறக்குவதுபோல இறக்கினேன்.

"தோண்டாமல் என்ன செய்யலாம்?" என்று கேட்டார் அம்மணி.

வெட்டிய முட்செடிகளைச் சாலின் குறுக்கே, அடிப்பக்கம் மேலே பார்க்க, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடலாம் என்றேன். கால் வைக்கிறவன் சுற்றிப் போவான். மழையும் வேகம் குறைந்து தன் மண்ணை அங்கேயே விட்டுப்போகும். ஆறு பேரும் நின்று தங்களுக்குள் கதைத்தார்கள். சுவிஸ்காரர் முட்செடி போடுவதற்கும் கூட்டம் வைப்பார்கள். கூட்டம் முடிந்ததும் ஒருவர் கையுறை தந்தார். போட்டோம்.

பிறகு மூன்று மணி நேரம் புல் வாரினேன். வாரிக்கொண்டே அவர்களைப் பார்த்தேன். காது கேளாதவர் முழங்காலில் நின்று, கட்டில் முளைத்த மரக்கன்றுகளைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கினார். பிடுங்கினால் வேரோடு மண் வருமாம். இன்னொருவர் நான் வாரிய இடத்தையே திரும்ப வாரினார். சம்பளம் கிடையாது, படமெடுத்துப் போட ஒரு தூணாவது உண்டா, அதுவும் கிடையாது. ஒரு மண் திட்டியை அடுத்த தலைமுறையும் மண் திட்டியாகவே காணவேண்டும் என்பதற்காக ஆறு கிழடுகள் சனிக்கிழமைகளைக் கொட்டுகின்றன. நான் வாரிய இடத்தை நானும் இன்னொரு தடவை வாரினேன்.

"இங்கே இருந்தது படையா?" என்று அம்மணியைக் கேட்டேன்.

"படை கீழே, ஆற்றங்கரையில். இங்கே சாதாரண சனங்கள்தான். ஆற்றைத் தாண்டி எதிரிகள் வரத் தொடங்கியபோது, கீழே பண்ணைகளில் இருந்தவர்கள் மாடு, சட்டி, பிள்ளைகளோடு மேலே ஓடிவந்திருக்கிறார்கள்."

விறாண்டி என் கையில் நின்றது.

"எவ்வளவு காலம் இருந்தார்கள்?"

"தெரியாது. சிலர் ஒரு குளிர்காலம். சிலர் பல வருடம்."

"ஆறு மாதத்தில் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்திருப்பார்கள்," என்றேன்.

"அது எப்படித் தெரியும்?"

"நானும் ஆறு மாதம் என்றுதான் வந்தேன்."

அம்மணி, நான் வாராமல் விட்ட ஒரு மூலையைக் காட்டினார்.

போகிற நேரம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "என் விண்ணப்பம்...?"

"அது குழு," என்றார். "இது புல்."

அடுத்த சனிக்கிழமையும் போனேன். பயத்தில்தான் போனேன், மறைக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை முட்செடி நகர்ந்திருக்குமோ என்ற கவலையில் போனேன். பிறகு ஏன் போகிறேன் என்று கேட்பதை விட்டுவிட்டேன். நண்பன் மட்டும் விடவில்லை.

"காக்கா பிடிக்கிறதுக்கு மலையேறுற முதல் தமிழன் நீதானடா."

"நீயும் ஒருக்கா வா. உனக்குப் பிடிச்ச இடமெல்லோ அது? கெமைண்டேயிலை எழுதிக்கிடக்கு."

அவனுக்கும் அன்றிலிருந்து முழங்கால் வருத்தம்.

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நான் வேலையில் இருந்தேன். மனைவி உடைத்து வாசித்துவிட்டுப் போன் எடுத்தாள். கழுவு யந்திரத்தின் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை.

"என்னப்பா, என்ன சொல்லியிருக்கினம்?"

"அந்த வேட்டியை எடுத்துத் தோயுங்கோ எண்டு சொல்லியிருக்கினம்!" என்று கத்தினாள். பிறகு அழுதாள். மாநிலமும் நாடும் இன்னும் கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் ஊர் ஓம் என்றுவிட்டது. கலியாணத்துக்கு நாள் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை புதுச் சப்பாத்தோடு ஏறினேன், மலைக்கென்றே வாங்கியது. முட்செடிக்கு அடியில், சாலில், ஒரு விரல் தடிப்புக்குப் புது மண் தங்கியிருந்தது. அதில் நாலைந்து புல். காது கேளாதவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றினார், எனக்கா புல்லுக்கா என்று தெரியவில்லை. அம்மணி கட்டின் மறுபக்கத்தில் வாரிக்கொண்டிருந்தார். நன்றி சொன்னேன். குழு சேர்ந்து எடுத்த முடிவு, தனக்குச் சொல்லத் தேவையில்லை என்றார்.

"ஒன்று மட்டும் கேட்கலாமா?" என்றேன். இத்தனை வாரமும் என் தூக்கத்தைத் தின்ற கேள்வி. "நான் தூண்கள் என்று சொன்னபோது குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக் கோடு இழுத்தீர்களே, என்ன எழுதினீர்கள்?"

அவர் வாருவதை நிறுத்தவில்லை.

"சனிக்கிழமைக்கு விறாண்டி ஒன்று கூடுதலாக வேண்டும்."